தாத்தன் பேர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

நந்தன வருஷத்தில் (1952-53) எழும்பிய குடியிருப்பு என்பதால் ராஜாஜி வைத்த பெயர்தான் நந்தனம் என்பார்கள். நம் ஆட்கள் காதில் அது வருஷத்தின் பெயராக விழுவதில்லை, நந்தனின் பெயராகத்தான் விழுகிறது. அது கிடக்கட்டும். நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போனால் சைதாப்பேட்டை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டரின் தலைமையிடம் அதுதான். அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததால் எதிர்த்து வாய் திறக்க முடியாமல் கிடந்த மக்களைப் பற்றியது அது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ ஆணைகள் அதைத் தொடர்ந்து வந்தன. பஞ்சமி நிலம் பிறந்த கதை இது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, குத்தகைக்கும் விடக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கை மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியொரு நிலம் எங்கள் பூட்டனுக்கும் கிடைத்தது, செங்கற்பட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர். பூட்டனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நடுவிலவர் வேதத்தில் சேர்ந்தார். கடைசி ஆள் என் தாத்தா, பட்டணத்துக்கு வந்து மூட்டை தூக்கினார். மூத்தவர் 1970களில் பிள்ளையில்லாமல் செத்தார். பெரிய பாட்டியும் தம்பிகள் இரண்டு பேரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். 'இது யாருக்குப்பா சேரும்?' என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. தலைமுறை தாண்டி இப்போதுதான் எழுந்திருக்கிறது.

வாரிசு என்றால் வம்சாவளியைக் காட்டு என்கிறது சட்டம். ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள்: "உங்க பூட்டன் இவருதான்னு எதுல இருக்கு?" எதில் இருக்கும்? பிறப்பு இறப்பைப் பதிய 1899இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊரில் கணக்கு எழுதியவர் கர்ணம். சேரிக்குள் கால் வைக்காத கர்ணத்துக்குச் சேரியில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று எப்படித் தெரியும்? வெட்டியான் வந்து சொன்னால் உண்டு. எழுதினாலும் ஒற்றைப் பெயர், தகப்பன் பெயர் இருக்காது. பேரனுக்குத் தாத்தன் பேரை வைக்கும் வழக்கம் வேறு. ஒரே சேரியில் நாலு முனியன். எந்த முனியன் எங்கள் முனியன்?

தகப்பன் பெயரோடு நம்மை எழுதி வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கப்பல்காரர். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நாட்டாலுக்குப் போனது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலியாக ஏறியவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் பட்டியலாயின. ஓடிப்போனால் பிடிப்பதற்குத்தான், வரலாறு எழுதவல்ல. இருந்தாலும் டர்பனில் இருக்கும் பேத்தி தன் ஊரைக் கண்டுபிடிக்கிறாள். ஊரை விட்டு நகராதவனின் பேரனுக்கு அந்த வழி இல்லை. இன்னொருவர் பாதிரியார். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஊரும் ஏறின.

இங்கேதான் சிக்கல். மதம் மாறியவர் தன் சொத்துரிமையை இழக்க மாட்டார் என்று 1850இலேயே சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு, வேறொன்று சொல்கிறது. மாறிய பின் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது, வாரிசுரிமை எழும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. ஆக, நடுவில் தாத்தா வீட்டில் காகிதம் இருக்கிறது, உரிமை இல்லை. எங்கள் வீட்டில் உரிமை இருக்கிறது, காகிதம் இல்லை. மூன்று பேரும் ஒரு தகப்பன் பிள்ளைகள் என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி அவர்கள் வீட்டு ஞானஸ்நானச் சீட்டுதான்.

பெரியப்பா மகன் கேட்டார்: "பேப்பர் எங்களோடது, பங்கு உங்களோடதாடா?"

கேட்பதில் என்ன தப்பு? எங்கள் பங்கிலிருந்து எழுதிக் கொடுக்கலாம் என்றாலும் அடுத்த முள் நிற்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி கிறித்தவர் பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். 'தாழ்த்தப்பட்டோருக்கு மட்டும்' என்ற நிபந்தனைக்குள் அண்ணன் வருவாரா? ட்ரெமென்ஹீர் காலத்தில் நிலம் கேட்டுக் குரல் கொடுத்தவர்களில் ஆடம் ஆண்ட்ரூ, கௌடி போன்ற பாதிரிமார்களும் உண்டு என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் பங்கு பேசும் நிலம் எங்களிடம் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பிந்தைய பட்டாவில் இருப்பது ஊர்த் தெருப் பெயர். பழைய பதிவேட்டில் இருந்த 'டி.சி.' குறிப்பு புதியதில் காணவில்லை. நிபந்தனையை மீறிய விற்பனைதான் இது என்று காட்ட அந்தப் பழைய பக்கம் வேண்டும், பூட்டனோடு நமக்குள்ள உறவும் வேண்டும். 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பெயர்களைப் பாருங்கள். ஒன்று கோயில் ஏட்டுப் பெயர், ஒன்று சேரிப் பெயர். குண்டு 26ஆம் பிரிவைப் பார்க்கவில்லை.

சாட்சியச் சட்டம் வாய்மொழியை அடியோடு தள்ளிவிடவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்ததும் சரி, விவரம் தெரிந்த உறவினர் சொல்லிவிட்டுச் செத்திருந்தால் அதை ஏற்கும், தகராறு எழுவதற்கு முன் சொன்னதாக இருக்க வேண்டும். கல்லறை எழுத்தையும் குடும்பப் படத்தையும்கூட ஏற்கும். ஏரிக்கரையில் புதைத்த நம் கிழவர்களுக்குக் கல்லறை ஏது, படம் ஏது?

அத்தை ஒப்பாரி வைப்பார். சாவு விழுந்த வீட்டில் செத்தவரின் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், கூடப் பிறந்தவர் என்று வரிசையாகக் கூப்பிட்டு அழுவார். தகராறுக்கு வெகுநாள் முன்பே சொன்னதுதான் அதெல்லாம். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து எழுதுகிறார். ஞானஸ்நானச் சீட்டில் நடுவில் தாத்தாவுக்கு வேதாகமப் பெயர். அத்தை வாயில் வருவது சேரியில் கூப்பிட்ட பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல அத்தையை விட்டால் ஆளில்லை. "கோர்ட்டுக்கு வரணும்னா வண்டி வையிடா, வரேன்" என்கிறார்.