லான்மடாவில் தொடங்கும் சாலை



பாரிஸில் வாழும் நம் நேயர் ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த மாத உரைக்குக் காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பம். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். கோடை விடுமுறையில் வடக்கு பிரான்சின் கிராமப் பக்கம் நான்கு நாள் சைக்கிளில் சுற்றி வந்திருக்கிறார்கள். சமதரையான வயல்கள், கால்வாய்க் கரைகள், பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்கென்றே போட்ட பாதைகள் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் போர்வீரர் கல்லறைக்கு வழி சொல்லும் பச்சை நிறக் கைகாட்டி ஒன்று நிற்குமாம்.

நெவ் ஷப்பல் என்ற சிற்றூரில் அவர்கள் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இந்தியப் படை சண்டையிட்ட இடம் அது. 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கே நடந்த போரில் ஏராளமானோர் மாண்டார்கள். மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை என்று ஒன்று இல்லாமல் போன 4,742 இந்திய வீரர்களின் பெயர்கள் அங்கே வட்டச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த அந்த நினைவிடம் 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது. 15 மீட்டர் உயரத் தூணும், காவலுக்கு இரண்டு கல் புலிகளும் உண்டு.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "எங்கட சனத்துக்கு இப்படிப் பேர் எழுதி வைச்ச இடம் எங்கயாவது இருக்கோ எண்டு மகள் கேட்டவள், அண்ணா. எனக்குப் பதில் தெரியேல்ல."

எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஆனால் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது ஒரு சாலை. அது பிரான்சில் இல்லை, பர்மாவில் இருக்கிறது. ரங்கூனின் லான்மடாவில் தொடங்குகிறது.

லான்மடாவ் என்றால் பர்மிய மொழியில் பெருஞ்சாலை என்று பொருள். இன்றைய யாங்கோன் நகர மையத்தின் மேற்குப் பகுதி. தெற்கே ஆறும் படகுத் துறைகளும். கிழக்கே லாத்தா. இரண்டும் சேர்ந்ததுதான் சீனர்பேட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் லான்மடாவ் சாலைக்கு காட்வின் ரோடு என்று பெயர். 1852 போரில் ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் காட்வினின் பெயர் அது. அந்தப் போருக்குப் பிறகுதான் கட்டம் போட்ட கணக்குத் தாள் மாதிரி ரங்கூன் தெருக்களை நேர்கோட்டில் போட்டார்கள். டல்ஹௌசி தெரு இன்று மகா பண்டுலா சாலை. பிரேசர் தெரு இன்று அனவ்ரதா சாலை.

1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மா முழுவதும் 10 லட்சத்துக்குச் சற்று மேல். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், ஒரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள் எனப் பல தரப்பினர். என் தாத்தா லான்மடாவ் பக்கம் ஓர் அரிசி வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை.

இந்தியர் எல்லோரும் அங்கே விரும்பப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930ல் 6 சதவீதம். விலை வீழ்ச்சிக்குப் பின் கடன் திரும்பாமல் 1938ல் அது 25 சதவீதம் ஆனது. நிலம் இழந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1930 மேயில் துறைமுக வேலை பற்றிய தகராறு ரங்கூனில் கலவரமாக வெடித்தது. 1938ல் இன்னொரு கலவரம். ஆகவே 1941ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நம்மவர்களுக்கு இரண்டு பயம். ஒன்று வானத்திலிருந்து வருவது, இன்னொன்று ஊருக்குள்ளேயே இருப்பது.

1941 டிசம்பர் 23 அன்று முதல் குண்டுவீச்சு. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூலித் தொழிலாளர்கள் கூட்டமாக மாண்டார்கள். 25ஆம் தேதி மறுபடியும். அன்றிலிருந்தே ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் புரோம் ரோட்டில் வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். இவர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும் என்று அதிகாரிகள் பலரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். 1942 பிப்ரவரி 20 அன்று நகரைக் காலி செய்ய அரசே அறிவித்தது. மார்ச் 8ல் ரங்கூன் வீழ்ந்தது.

அந்தப் புரோம் ரோடுதான் இன்றைய பியே சாலை. பிரான்சில் அந்தக் குடும்பம் சைக்கிளில் போனது போல் இந்தச் சாலையிலும் இடம் இடமாக நின்று பார்த்துப் போகலாம். வழியில் சரித்திரத்துக்குக் குறைவில்லை.

லான்மடாவை ஒட்டிய ரயில் பாதையும் இதே திசையில்தான் போகிறது. 1877ல் திறந்த ரங்கூன் - புரோம் பாதை, பர்மாவின் முதல் ரயில் பாதை. நீளம் 161 மைல். நகரைத் தாண்டி வடக்கே போனால் டாக்ஜான். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பெகு வழியாக மாந்தளேக்கு, மற்றொன்று புரோமுக்கு. மேலே போனால் தாராவடி. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கிய மாவட்டம் அது. பிறகு லெட்பதான், பவுங்டே. புரோமுக்குச் சற்று முன்னே ஸ்ரீக்ஷேத்ரா. பியூ மக்களின் பழைய தலைநகரம். செங்கல் கோட்டைச் சுவர்களும் உயரமான ஸ்தூபிகளும் இன்றும் நிற்கின்றன. 2014ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பியூ நகரங்களில் இது ஒன்று. அங்கே கிடைத்த பழைய பாலி ஏடுகளின் எழுத்து தென்னிந்திய எழுத்துகளுக்கு நெருங்கிய உறவு. நம் பக்கத்து மக்கள் போய் வந்த தடம் எவ்வளவு பழையது என்று அதிலிருந்து தெரியும்.

1942ல் அந்த வழியே நடந்தவர்களுக்கு இதையெல்லாம் நின்று பார்க்க நேரம் ஏது? புரோமில் ஐராவதியைக் கடந்து பாடவுங். அங்கிருந்து அரக்கான் யோமா மலையைத் தாண்டி டாங்கப் என்ற கடற்கரை ஊர். புரோமிலிருந்து ஏறக்குறைய 110 மைல் மலைப்பாதை. மூங்கில் காடு. மாசி, பங்குனி வெயிலில் ஓடைகள் வற்றிக் கிடக்கும். இருக்கிற தண்ணீரில் காலரா. டாங்கப்பிலிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். இன்னும் பலர் மாந்தளே, கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார்கள். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதையும் இந்தியருக்கு மோசமான பாதையும் ஒதுக்கியதாக அப்போதே பெரிய புகார் எழுந்தது. வேறு சிலர் வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்குப் போனார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அந்த ஆண்டு மனைவியுடன் இந்தியாவுக்கு நடந்து வந்தவர்தான். தன் அனுபவத்தை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியும் வைத்தார்.

இனி நம் நேயர் மகளின் கேள்விக்கு வருகிறேன்.

டாக்ஜானில், அதே புரோம் சாலை ஓரத்தில், ஒரு பெரிய போர்க் கல்லறை உண்டு. அங்கே 6,374 வீரர்களின் கல்லறைகள். நடுவில் உள்ள ரங்கூன் நினைவு மண்டபத்துத் தூண்களில் கல்லறை இல்லாத சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பிரான்சில் பார்த்த அதே புல்தரை, அதே ஒழுங்கு. 1917ல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம்தான் இரண்டையும் பராமரிக்கிறது.

ஆனால் அந்தக் கல்லறை வாசலைக் கடந்து நடந்து போய், மலையில் செத்துப்போன கூலிக்கும் குமாஸ்தாவுக்கும் குழந்தைக்கும் அந்தத் தூண்களில் இடமில்லை. அவர்கள் எத்தனை பேர்? நடந்தவர்கள் 4 முதல் 5 லட்சம் என்கிறார்கள். இறந்தவர்கள் 10,000 என்பாரும் உண்டு, 50,000 என்பாரும் உண்டு, அதற்கும் மேல் என்பாரும் உண்டு.

நான் முப்பது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கணக்கில் முழு எண்ணாக 10,000, 50,000 என்று வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். யாரும் எண்ணவில்லை, மதிப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நெவ் ஷப்பலில் 4,742. அந்தக் கடைசி 2 வரை எண்ணியிருக்கிறார்கள். காரணம் சுலபம். சிப்பாய்க்குச் சம்பளப் பட்டியல் இருந்தது. படை எண் இருந்தது. செத்தால் யாருக்குத் தந்தி அடிப்பது என்று எழுதியிருந்தார்கள். கூலிக்கு எந்தப் பட்டியலும் இல்லை. இந்திய எல்லையில் முகாம் போட்டவர்கள் வந்தவர்களை எண்ணினார்கள். வராதவர்களை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

சயாம் மரண ரயில் கதையும் இதேதான். 1942-43ல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த போர்க் கைதிகள் 12,000க்கு மேல். பர்மா முனையான தன்பியுசயாட்டில் மட்டும் 3,149 காமன்வெல்த் வீரர்களுக்கும் 621 டச்சு வீரர்களுக்கும் கல்லறை உண்டு. மலாயாத் தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் இறந்தது சுமார் 90,000 என்கிறார்கள். மறுபடியும் முழு எண். ஆனால் அவர்களை மறக்காத சந்ததியார் விடாமல் முயன்றதால், 80 வருடம் கழித்து 2023ல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது.

என் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரியில் லான்மடாவிலிருந்து கிளம்பியவர்கள் ஆறு பேர். தாத்தா, பாட்டி, தாத்தாவின் தம்பி, பெரியப்பா, ஏழு வயதான என் அப்பா, இரண்டு வயதுத் தங்கை. சிட்டகாங் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். பாடவுங் தாண்டி மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விட்டது. பாதை ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். முதல் நாள் இரவு ஒரு பர்மியக் கிழவி கஞ்சி கொடுத்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். வீட்டில் பாப்பா என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நிஜப் பெயர் என்ன என்று நான் கேட்க நினைத்தபோது சொல்ல யாரும் உயிரோடு இல்லை. அரசாங்கம் எழுதவில்லை என்று குறை சொல்லுகிறேன். கணக்குப்பிள்ளை பேரன் நானும் எழுதி வைக்கவில்லை.

இன்று அந்தச் சாலையில் சைக்கிளில் போய் வா என்று யாரையும் அனுப்ப முடியாது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாடு போரில் இருக்கிறது. 2024 டிசம்பரில் டாங்கப் ஊர் அரக்கான் படையின் கைக்குப் போனது. அங்கே இப்போதும் ஜனங்கள் மூட்டையோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே கல் நடுவது பிறகு நடக்கட்டும். பெயர் எழுதுவதை இன்றே செய்யலாம்.

நம் நேயர்களில் 1942ல் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறீர்கள். 1964ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பின், வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் இருக்கிறீர்கள். திரும்பவும் பர்மா போகலாம் என்று தரைவழியே கிளம்பி, தாமுவுக்கு எதிரே மோரேயிலேயே நின்றுவிட்டவர்களின் உறவினர் இருக்கிறீர்கள். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து கடல் தாண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஒரு முழு வெள்ளைத் தாளில் ஆறு பத்தி கோடு போடுங்கள். பெயர், வயது, இருந்த தெரு, கிளம்பிய மாதம், போன வழி, வந்து சேராதவர். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.

தாளை நிலையத்துக்கு அனுப்புங்கள். வருகிற பெயர்களை நிகழ்ச்சியின் முடிவில் நிதானமாக வாசிக்கிறேன். முதல் வரியை நானே எழுதிவிட்டேன்: பாப்பா, வயது 2, லான்மடாவ், பிப்ரவரி 1942, புரோம் - டாங்கப் வழி, வந்து சேரவில்லை.

பாரிஸ் தங்கைக்கு: உங்கள் மகளிடம் இப்போதைக்கு அப்படி ஓர் இடம் இல்லை, நாம் எழுதத் தொடங்கியிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.