அன்னபூரணியும் அதனை நடத்தினோரும்

இராயப்பேட்டையினின்று கிழக்கே கடற்கரை நோக்கிச் செல்வோர், ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் வழங்கும் பழைய கட்டடத்தைக் காணாது செல்லார். இந்நாளில் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. சுவாமிகள் 1897ஆம் ஆண்டில் அதன்கண் தங்கினர். ஆயின், 1842இல் அது எழுப்பப்பட்டது பனிக்கட்டி வைத்தற்பொருட்டேயாம். அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் மாரிக்காலத்து ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளிற் பொதிந்து, பாய்க்கப்பலில் ஏறக்குறைய நான்கு திங்கள் கடலிற் கொணர்ந்து, ஈண்டு விற்றனர் டியூடர் என்னும் வணிகர்.

அக்கரைக் கப்பல் நம் கரைக்கு வந்த செய்தியைப் பலர் அறிவர். தமிழர் கட்டிய கப்பலொன்று, தமிழ் மாலுமிகளுடன், அதே மாசச்சூசெட்ஸ் கரையைச் சென்றடைந்த செய்தியை அறிவாரோ சிலரே. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைத்தலே இவ்வுரையின் நோக்கம்.

அக்கப்பல் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வடகரையில் வல்வெட்டித்துறையில், 1930ஆம் ஆண்டளவில், வேப்பமரங்கொண்டு கட்டப்பெற்றது. நீளம் 89 அடி. அகலம் 19 அடி. நம் பேட்டைத் தெருவொன்றில் நான்கு வீட்டு முகப்புக்களைச் சேர்த்தளந்தால் அந்நீளம் நிரம்பும். இத்துணைச் சிறிய கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினர். அவர் 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிய கடலோடி. கப்பலின் நன்மை தீமை அறிந்தவர். வாங்கிய பின்னர்த் தம் மனைவியார் பெயரை அதற்கு இட்டனர். 1937இல் இலங்கையை நீங்கிய அக்கப்பல், ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்னும் வழியே சென்று, 1938 ஆகஸ்டு முதல் நாள் குளோஸ்டர் துறையை அடைந்தது. தண்டயல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறையாராகிய அவர்தம் துணைவர்களும் அதன் மாலுமிகளாயிருந்தனர்.

வரலாறு பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடும். எனினும், துறைக்கும் துறைக்கும் இடையே கழிந்த நாட்களன்றோ கடற்செலவு? அந்நாட்களை நிரப்பியது யாது? பாய்க்கப்பலில் மாலுமியின் ஒருநாளை எண்ணிப் பார்ப்போம்.

முதல் வேலை நீரிறைத்தல். மரக்கப்பல் எத்துணைச் செம்மையாய்க் கட்டப்படினும், பலகை இணைப்புக்களிற் கடல்நீர் கசியும். அடித்தளத்தில் ஊறிய அந்நீரை நாடோறும் இறைத்தல் வேண்டும். ஒருநாள் சோம்பினும் ஆபத்து. அடுத்தது கயிறு. வெயிலும் உப்பும் கயிற்றை அரிக்கும். தேய்ந்ததை மாற்றியும், அறுந்ததைப் பின்னியும், கிழிந்த பாயைத் தைத்தும் பகல் கழியும். ஒருவன் சுக்கானை விட்டு அகலான். ஒருவன் அணியத்தில் நின்று முன்னோக்குவான். இரவிலும் இவ்வேலை ஒழிவதில்லையாகலின், முறைவைத்து ஒரு பகுதியார் விழித்திருக்க, மற்றையோர் உறங்குவர். காற்று மாறிய பொழுதோ முறையுமில்லை, உறக்கமுமில்லை. அனைவரும் எழுந்து பாயைச் சுருக்குதல் வேண்டும்.

சமையல் பண்டாரியின் பொறுப்பு. மரத்தாலாகிய கப்பலில் நெருப்பே முதற்பகையாதலின், மண் நிரப்பிய பெட்டியின்மேல் அடுப்பு வைத்து உலையேற்றுவர். சோறு, பருப்பு, புளி, கருவாடு என்பனவே நெடுநாட்கெடாது உதவுவன. குடிநீர் அளந்தே கொடுக்கப்படும், குளியல் கடல்நீரில். மழை வந்தால் பாயை விரித்து நீர் பிடிப்பர். நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்க ஒரு செம்பு நீரை எண்ணி வாழும் வாழ்க்கை அது!

காற்று இசைந்தால் கடல் தாய்வீடு. வாடைக்காற்றின் பருவத்தில் இலங்கையினின்று ஏடன் செல்லுங் கப்பலைக் காற்றே உந்திச்செல்லும். செங்கடலின் வடபகுதியிலோ காற்று ஆண்டு முழுதும் பெரும்பாலும் வடமேற்கினின்று வீசும். கப்பல் செல்லவேண்டிய திசையும் அதுவே. காற்றுக்கு நேரெதிரே பாய்க்கப்பல் செல்லாது. வலப்புறமாகச் சிறிது தூரம், பின்னர் இடப்புறமாகச் சிறிது தூரம் எனக் கோணிக்கோணியே முன்னேறுதல் வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய்களை மாற்றிக் கட்டவேண்டும். நாள் முழுதும் உழைத்தும் சிறிது வழியே கடந்த நாட்கள் மாலுமிகளுக்குண்டு. அவ்வுழைப்பின் சோர்வை ஆற்றுவது ஏலேலப் பாட்டு ஒன்றே. பலர் கை ஒருகணத்தில் ஒருங்கே இழுத்தற்கு அப்பாட்டின் தாளமே துணை.

கப்பலுக்கு உரியவர் பெயர் நூல்களில் நிலைத்தது. அவர் மனைவியார் பெயர் கப்பலில் எழுதப்பட்டது. நீரிறைத்தோர், பாய்தைத்தோர், சோறாக்கினோர் பெயரை அவர்தம் ஊராரே பெரிதும் போற்றி வைத்திருக்கின்றனர். அவ்வூரார் நினைந்து போற்றாதிருப்பின் அதுவும் மறைந்திருக்கும். நாம் நம்மவர்க்கு அவ்வளவேனும் செய்தோமோ?

இவ்வினாவை முதலில் என்னையே கேட்டுக்கொள்கின்றேன். என் தாய்வழிப் பாட்டனார் இளமையில் தோணியிற் கலாசியாயிருந்தவர். நாவாய், வங்கம், கலம் என்னுஞ் சொற்களுக்கு வகுப்பில் மாணவர்க்குப் பொருள் கூறும் யான், அணியம் எது, அமரம் எது, ஆஞ்சான் கயிறு எதற்கு என்று அவரிடம் ஒருநாளும் கேட்டிலேன். அகராதியைப் புரட்டியே பின்னர் அறிந்தேன். அவர் மறைந்தபோது என் கையிலிருந்த அகராதியினும் பெரிய அகராதியொன்று எரிந்துபோயிற்று.

ஆகலின் நம் சங்கத்து அன்பர்களை வேண்டுவது இதுவே. கடல்வினை அறிந்த முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், இந்தத் திங்களிலேயே அவர் அருகமர்ந்து கேளுங்கள்: எத்துறைக்குச் சென்றார், எவரொடு சென்றார், என்ன உண்டார், காற்றுக்கு என்ன பெயர் வழங்கினார், அவர் மீளுமளவும் வீட்டிலிருந்த பெண்மக்கள் குடும்பத்தை எங்ஙனம் நடத்தினர் என்பனவற்றை அவர் சொல்லியவாறே எழுதிவையுங்கள். பழங்கடிதம் இருப்பின் எறியாது காப்பாற்றுங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் நன்று. கல்லில் வெட்டிய சாசனம் நமக்கு இல்லாதிருக்கலாம். கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று வீடுதோறும் இருத்தல் அரிதன்று.