மருத்துவ நிவாரணப் பொருள்கள்: அனுப்புதலும் சேமிப்பும்

நிலநடுக்கம், போர், கொள்ளைநோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுப்பி, பாதுகாத்து, மருத்துவமனைகளில் சேர்க்கும் பணி மருத்துவ நிவாரண விநியோகம் எனப்படும்.

ஆர்மீனியா தந்த பாடம்

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் சுமார் 5,000 டன் மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் வந்து குவிந்தன. என்னென்ன வந்துள்ளன என்று அறியவே 50 பேருக்கு ஆறு மாதங்கள் பிடித்தன. மருந்துகளில் 8 விழுக்காடு வந்தபோதே காலாவதியாகியிருந்தது. 4 விழுக்காடு உறைபனியில் வீணானது. பெரும்பாலானவற்றில் வணிகப் பெயர் மட்டுமே இருந்ததால் இனங்காண்பது கடினமாயிற்று.

விதிமுறைகள்

உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெறும் நாடு கேட்ட மருந்துகளையே அனுப்ப வேண்டும். அவை அங்கு வந்து சேரும்போது, பொதுவாகக் குறைந்தது ஓராண்டுப் பயன்பாட்டுக் காலம் மீதமிருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் எண்ணிட்டு, மருந்தின் பொதுப்பெயர், அளவு, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பொதிப் பட்டியலில் குறிக்க வேண்டும். பெட்டியின் எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது. மருந்துடன் வேறு பொருள்களைக் கலக்கக் கூடாது.

முன்கூட்டிய இருப்பு

பேரிடர் நேர்ந்த பிறகு கொள்முதலைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அதனால் துபாய், பனாமா, அக்ரா, இத்தாலியின் பிரிண்டிசி முதலிய இடங்களில் ஐ.நா. நிவாரணக் கிடங்குகள் இயங்குகின்றன. யுனிசெஃபின் முதன்மைக் கிடங்கு கோபன்ஹேகனில் உள்ளது. பல அமைப்புகள் பயன்படுத்தும் அவசரகாலச் சுகாதாரப் பெட்டகம் 10,000 பேருக்குச் சுமார் மூன்று மாதத் தேவையைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. அதன் அடிப்படைப் பிரிவுகள் கிராமச் சுகாதாரப் பணியாளரும் கையாளக்கூடியவை. துணைப் பிரிவைப் பயன்படுத்த மருத்துவரோ தொழில்முறைச் சுகாதாரப் பணியாளரோ தேவை.

சுங்கமும் சேமிப்பும்

விலைப்பட்டியல், விமானச் சரக்குச் சீட்டு, இறக்குமதி அனுமதி ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் சரக்கு சுங்கத்தில் தேங்கும். மார்பின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குத் தனி அனுமதி வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளையும் இன்சுலின் இருப்பையும் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். இவற்றில் பல, உறைந்தாலும் பயனிழக்கும். கிடங்கில் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைகள் மீது அடுக்கி, முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே அனுப்புவது வழக்கம்.

உதவ விரும்புவோர் வீட்டில் எஞ்சிய மாத்திரைகளைச் சேகரித்து அனுப்புவதைவிட, நம்பகமான அமைப்புகளுக்குப் பணமாக வழங்குவதே சிறந்தது.