ஊர் ஆகாத ஊர்கள்: செங்கோட்டை - புனலூர் ரயில்பாதை குறித்துச் சில குறிப்புகள்

1

ரயில் வந்தால் ஊர் பிறக்கும், ரயில் போனால் ஊர் சாகும் என்பது அமெரிக்கச் சமவெளி வரலாறு நமக்குப் பழக்கிவிட்ட கதையாடல். இல்லினாய் மாநிலத்தில் 1850க்குப் பிறகு அரசு தானமாகக் கொடுத்த நிலத்தில் தண்டவாளம் போட்டார்கள். கம்பெனியோடு தொடர்புடைய ஆட்கள் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வரிசையாக ஊர்களைப் போட்டார்கள். பின்னாளில் பாதை மாறியது, வண்டி நின்றது, ஊர்களில் பல காணாமல் போயின. அங்கே உள்ளூர் வரலாறு எழுதுகிறவர் 'முதல் குடியேறிகள்' என்றுதான் ஆரம்பிப்பார். அவர்களுக்கு முன்னால் அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகள் 'முதல்' என்ற ஒரு சொல்லிலேயே அழிந்துபோவார்கள்.

இந்தச் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டைக்கு வந்தால் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று கேட்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

2

செங்கோட்டை ரயிலால் உண்டான ஊர் அல்ல. கொட்டாரக்கரையை மையமாகக் கொண்ட இளயிடத்து சொரூபத்தின் கீழ் இருந்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூருக்குப் போன ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு போய்வந்தது ரயிலுக்கு மிக முந்திய சங்கதி. மலையிலோ பளியரும் மலைப்பண்டாரமும் இருந்தார்கள். அவர்களை யாரும் 'முதல் குடியேறிகள்' என்று சொன்னதில்லை. குடியேறியவர்கள் என்றே யாரும் நினைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர்கேஜ் பாதை 1904இல் மலையைக் கடந்து கொல்லத்தைத் தொட்டது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 49 கிலோமீட்டர். பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண். முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி ஏறும். கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுப் பாலம். மலைக்குகையின் வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையும் 1903 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். ராஜாவுக்குச் சங்கு இருக்கிறது, கம்பெனிக்குக் கணக்கு இருக்கிறது. பாறையை உடைத்தவனுக்கு அங்கே ஒரு எழுத்தும் இல்லை.

1958இல் கோட்டயம் - கொல்லம் பாதை திறக்கும்வரை தென்திருவிதாங்கூருக்கு இருந்த ஒரே ரயில்வழி இதுதான். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர் செங்கோட்டை மலையேறித்தான் ஆகவேண்டும். 1976இல் எர்ணாகுளம் - திருவனந்தபுரம் பாதை பிராட்கேஜ் ஆனது. அன்றிலிருந்து இது கொல்லத்தில் முட்டி நிற்கும் குச்சிப்பாதை. அரை நூற்றாண்டுக்கு மேல் பிரதான வழியாக இருந்தும் இந்த ஸ்டேஷன்களைச் சுற்றி ஒரு நகரம்கூட எழவில்லை. ஏன்?

3

லைன் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். தண்டவாளமும் லைன். அதே மலையில் தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளிகளை அடைத்துவைத்த நீளமான வீட்டு வரிசையும் லைன். பேச்சில் லயன், லயம். இரண்டும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு கோடுகள். ஒன்றில் சரக்கு போகும், இன்னொன்றில் ஆள் கிடக்கும். வீடு தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது. வேலை இருக்கிறவரை கூரை. இப்படிப்பட்ட இடத்தில் தெரு எப்படி உண்டாகும், கடைவீதி எப்படி உண்டாகும்? மூன்று தலைமுறை பிறந்து செத்தாலும் அது ஊர் ஆகாது. இருந்தவர்கள் குடி ஆகமாட்டார்கள்.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டார்கள். அங்குள்ள தமிழ்ப் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்துபோகும் கூலிகளால் ஆனது என்ற வாதம் 1955 ஆணைய அறிக்கையில் எடுபட்டது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது; ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே எல்லை விழுந்தது. கோட்டைப் போட்டவர்கள் நிலையாக இருப்பவர் யார் என்று கேட்டார்கள். லயத்தில் இருப்பவன் அந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே தர்க்கம்தான். 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றானது. அப்படி 'திரும்பி' வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. ரயில்பாதை முக்கியத்துவம் இழந்த அதே 1976. கண்டி மலையின் லயத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த மலையில் மறுபடியும் தோட்டக் குடியிருப்பு. தாயகம் என்று அரசு காட்டியது ரப்பர் மரத்தை.

4

மீட்டர்கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. 2018இல் பிராட்கேஜ் பாதை முழுவதும் திறந்தது. இடைப்பட்ட எட்டு வருஷத்தில் பழைய வண்டியைப் பற்றிய ஏக்கம் நிறையவே எழுதப்பட்டது. புகை, குகை, பாலம், சாரல். குற்றாலத்துக்கு வருகிறவர்களின் ஜன்னலோர நினைவுகள் அவை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்கு லயம் நிலக்காட்சியின் ஒரு பகுதி; பச்சைக்கு நடுவே ஒரு ஓட்டுக் கூரை, அவ்வளவுதான்.

செங்கோட்டை என்றதும் நம் வரலாறு வாஞ்சிநாதனைச் சொல்லும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். அந்த ஸ்டேஷனின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. வீரனுக்குப் பெயர்ப்பலகை கிடைக்கும், ராஜாவுக்குச் சங்கு கிடைக்கும். அமெரிக்கச் சமவெளியில் அழிந்த ஊருக்குக்கூட ஒரு வரைபடம் மிஞ்சும்; ஊர் என்று ஒருமுறை பதிந்திருப்பதால் அதைக் காணோம் என்று சொல்ல முடிகிறது. பதியாத ஒன்று காணாமல் போவதே இல்லை. அரசின் கண்ணில் அது இருந்ததே கிடையாது.

ஆகவே இந்தப் பாதையின் வரலாற்றை எழுதுகிறவர் ஸ்டேஷன் பெயர்களிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. தோட்டத்துச் சம்பளப் பேரேடு, கேங்மேன் வருகைப் பதிவு, ரேஷன் கார்டு, இடுகாடு. 'இவர்கள் இங்கே தங்கினார்கள்' என்று சொல்லும் காகிதமும் மண்ணும் இவைதான். யார் குடி, யார் வந்துபோனவர் என்ற பட்டியலை அரசு இன்னமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.