ரோமர் தின்ற புழு எது?

இன்று ஒரு புழுவின் வரலாறு. சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஓக் மரத்திலுள்ள பெரிய புழுக்களைச் செல்வந்தர்கள் விரும்பி உண்டதாகவும், மாவு போட்டுக் கொழுக்க வைத்ததாகவும் எழுதினார். பெயர் 'கொஸ்ஸஸ்'. உருவம் எப்படி என்று அவர் விவரிக்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் அந்தப் பெயரை ஓர் அந்துப்பூச்சிக்கு வைத்துவிட்டார். அதன் புழுவும் மரத்தைத் துளைப்பதுதான். ஆனால் முதுகு கருஞ்சிவப்பு, ஆட்டுக்கிடாய் நாற்றம். இதையா விருந்தில் வைத்தார்கள்? எனக்கு நம்பிக்கையில்லை.

பிரான்சின் பூச்சியியலாளர் ஃபாபரும் (1823–1915) அதை ஏற்கவில்லை. அவரும் நம்மைப்போல் வாத்தியார்தான். கொஸ்ஸஸ் என்பது நீள்கொம்பு வண்டின் புழு என்றார் அவர்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. அந்துப்பூச்சிப் புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடிக் கால்கள். வயிற்றுப் பக்கம் கொக்கிகளுள்ள பொய்க்கால்களும் உண்டு. நீள்கொம்பு வண்டின் புழு வெண்மை அல்லது பாலாடை நிறம். தலை மார்புக்குள் பாதி புதைந்திருக்கும். கறுத்த, உறுதியான தாடைகள் மட்டும் வெளியே தெரியும். தலைக்கு அடுத்த கணுதான் உடம்பிலேயே அகலம். கால்கள் பெயருக்குத்தான், சில இனங்களில் அதுவும் இல்லை. அப்புறம் எப்படி நகர்கிறது? கணுக்களின் மேலும் கீழும் சிறு புடைப்புகள் உள்ளன. அவற்றை உப்பவைத்துச் சுரங்கச் சுவரில் ஊன்றி, உடம்பை முன்னே தள்ளுகிறது. ஓக் மரத்துப் புழுவை வைத்து ஃபாபர் இதை அழகாக விளக்கியிருக்கிறார்.

நம் எருக்குழியில் கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழுவோடு இதைக் குழப்பாதீர்கள். அது கொக்கிபோல் வளைந்து கிடக்கும், கால்களும் நன்றாகத் தெரியும். இது நேராக இருக்கும். மாமரத் தண்டைக் குடைகிற புழு இந்த நீள்கொம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஃபாபர் வாதத்தோடு நிற்கவில்லை. ஒரு திருவிழா நாளில் வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டி, புழுக்களைக் கம்பியில் கோத்து உப்பிட்டுச் சுட்டுத் தின்றார். வறுத்த பாதாம் சுவை, லேசான வெனிலா மணம், தோல்தான் தடிப்பாம். ஆனால் அவர் எடுத்தது பழைய பைன் மரக் கட்டையிலிருந்த வேறொரு நீள்கொம்புப் புழு. பிளினி சொன்னதோ ஓக். எனவே சுவை நிரூபணமானதே தவிர, ரோமர் தின்ற இனம் எதுவென்று அந்த விருந்து முடிவுகட்டவில்லை. கொஸ்ஸஸ் என்ற பெயர் இன்றும் அந்த நாற்றக்காரப் பூச்சியிடமே இருக்கிறது.