வலது எது, இடது எது? ஒரு சுக்கானின் கதை

மலர்க்குழு நண்பர்கள் வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. மெக்கானிக்கல் படித்தவனுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு யோசித்தேன். வரலாறு தெரியாமல் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன்.

என் ஊர் விக்கிரமங்கலம். தெற்கே கொள்ளிடம். சின்ன வயதில் தாத்தாவோடு ஓடத்தில் அக்கரை போயிருக்கிறேன். ஓடக்காரர் பின்னால் நின்று துடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார். ஓடம் மறுபக்கம் திரும்பும். அன்று அது எனக்கு வேடிக்கை, அவ்வளவுதான்.

பின்னாளில் தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது, தெரிந்தவர் ஒருவரின் பழைய மர மோட்டார் படகைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. இன்ஜின் ஓடியது, சுக்கான் அசையவில்லை. சக்கரத்தின் பின்னால் ஓர் உருளை. அதில் சுற்றிய கம்பிவடம் கப்பிகள் வழியாகப் பின்புறம் போய்ச் சுக்கானை இழுக்க வேண்டும். வெண்கலக் கப்பிகள் கல்லு மாதிரி இருந்தன. யாரோ இடையில் மாட்டிய இரும்பு ஆணிகள்தான் அரித்துப் போயிருந்தன. வெண்கலத்தோடு சேர்ந்த இரும்பு உப்புநீரில் சீக்கிரம் அரிக்கும் என்பது நாம் வகுப்பில் படித்ததுதானே! வெண்கலத்திலேயே ஆணி கடைந்து போட்டேன். புது வடம் சுற்றினேன். பெருமையோடு வெள்ளோட்டம் விட்டோம்.

சக்கரத்தைப் பிடித்தவர் வயதான தண்டல். அவர் பேரன் முன்பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு தோணி நின்றது. பெரியவர் வலது பக்கம் திருப்ப, படகு இடது பக்கம் திரும்பி நேரே தோணியை நோக்கிப் போனது. "என்ன தம்பி, தலைகீழால்லா போவுது!" என்று கத்தியபடியே பேரனை உள்ளே இழுத்தார். இன்ஜினை நிறுத்தி, கழியால் தள்ளி, ஒரு முழத்தில் தப்பினோம். நான் வடத்தை உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன். சுக்கான் என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததாம். ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பக் கப்பல்களில் சுக்கான் பக்கவாட்டில் இருக்கிறது. பின்புறச் சுக்கானில் மரக்கை மாட்டினார்கள். மரக்கையை வலது பக்கம் தள்ளினால் கப்பல் இடது பக்கம் திரும்பும், எங்க ஊர் ஓடம் மாதிரியே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்களுக்குச் சக்கரம் வந்தது. ஆனால் கட்டளை மட்டும் மரக்கைக் காலத்திலேயே நின்றுவிட்டது. 1912இல் பனிப்பாறையைக் கண்ட டைட்டானிக் அதிகாரி 'முழுக்க வலது' என்றுதான் உத்தரவிட்டார்; கப்பல் திரும்பியது இடது பக்கம். தவறில்லை, அன்றைய வழக்கமே அது. 1929இல் லண்டனில் கூடிய கடல் பாதுகாப்பு மாநாடுதான், கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்ல வேண்டும் என்று விதி செய்தது.

மறுநாள் வடத்தை மாற்றிச் சுற்றினேன். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "பிரிக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே! பழைய இயந்திரத்தைப் பிரிக்குமுன் படம் வரைந்து வையுங்கள், அடையாளம் இடுங்கள். அதை ஓட்டியவரிடம் கட்டாயம் கேளுங்கள். எங்க ஊர் ஓடக்காரரைக் கவனித்திருந்தால்கூட எனக்குப் பாதி விஷயம் விளங்கியிருக்கும்.