குரலுக்குத் திறந்த கதவு
இசைத்தட்டுக் காலச் சுவைஞரின் மனப்போக்கு குறித்து ஓர் ஆய்வு

புகார்க் கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடினான். அவன் பாட்டில் வேறொரு பெண்ணின் சாயலைக் கண்ட மாதவி, தானும் வேறொருவனை எண்ணியவள் போல் பாடினாள். பாட்டின் குறிப்பைப் பாடியவளின் வாழ்க்கையாகவே கொண்ட கோவலன் அவளைப் பிரிந்தான். இசையைக் கொண்டு இசைப்பவரின் ஒழுக்கத்தை அளக்கும் மனப்போக்கு தமிழ் மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் கானல்வரி ஒன்றே போதிய சான்றாகும். பாடுபவர் எதிரே அமர்ந்திருந்தால்தான் பாட்டைக் கேட்க முடியும் என்றிருந்த காலத்தில் குரலையும் ஆளையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அவ்வழியை அமைத்துத் தந்தது ஒரு பொறி. அப்பொறி வந்தபின் சுவைஞரின் உள்ளம் மாறியதா, அல்லது மாறாமலிருக்க ஒரு வசதி கிடைத்ததா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பொறியின் வருகை

1877இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டறிந்தார். 1887இல் எமிலி பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனை உருவாக்கினார். 1902 நவம்பரில் பிரெடெரிக் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களின் குரலைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். தொடக்கக் காலத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை அமைந்தபின் அந்நிலை மாறியது. கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் வழக்கம் தட்டுகளில் பதிந்துள்ளது. கடல் கடந்த ஆலையில் தட்டு எவருடையது என அடையாளம் காண இம்முறை உதவியது என்பர். காரணம் எதுவாயினும், குரலைக் கேட்கும் எவரும் பாடியவரின் பெயரையும் கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

தென்னாட்டிலும் முதலில் பொறியின் முன் துணிந்து பாடியவர்கள் பெரும்பாலும் இசைவேளாளர் மரபிலும் தேவதாசியர் மரபிலும் வந்த பெண்களே. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். ஆடவ வித்துவான்களிற் பலர் தயங்கினர். பொறியின் முன் பாடினால் குரல் வற்றிவிடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் அந்நாளில் நிலவியது. சபையில் மணிக்கணக்கில் விரித்துப் பாடியதை யார் வீட்டுத் திண்ணையிலும் சாவி கொடுத்துச் சுழலவிடுவது வித்தைக்கு இழுக்கு என்ற எண்ணமும் இருந்தது. லய வல்லமையால் புகழ்பெற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை இறுதிவரை இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை.

சுவைஞரிடையே எழுந்த இரு கருத்துகள்

பொறியைப் பற்றிச் சுவைஞர் இரு கூறாகப் பிரிந்தனர். ஒரு சாரார் அதனை இசையின் எலும்புக்கூடு என்றே கருதினர். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு நிமிடம். அதற்குள் ஆலாபனைக்கு இடமேது, நிரவலுக்கு இடமேது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. கச்சேரியில் பாடகரும் கேட்பவரும் ஒருவரையொருவர் ஊக்குவிக்கும் உறவு தட்டில் இல்லை. தலையசைப்புக்குத் தட்டு மறுமொழி தருவதில்லை.

மற்றொரு சாரார், சபைக்குச் செல்ல இயலாதோருக்கு இசை கிடைத்ததைப் பெரிதாகப் போற்றினர். சிற்றூர்க் கடைத்தெருவில் ஒலித்த 'நாய் மார்க்' பெட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கு அதுவே சபை. மேலும், நேரத்தின் குறுக்கம் கலையை எப்போதும் குறுக்கிவிடவில்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை ஓடியன் இசைத்தட்டில் வெளிவந்து தமிழ்நாடெங்கும் ஒலித்தது. சில நிமிடங்களுக்குள் அந்த இராகத்தின் முழு வடிவத்தையும் காட்ட முடியும் என அவர் மெய்ப்பித்தார். கோயில் வீதியிலும் திருமணப் பந்தலிலும் நின்று கேட்ட நாகசுரம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது.

வாயிற்படியில் நின்ற வழக்கு

கோயில் விழாவிலும் செல்வர் இல்லத் திருமணத்திலும் மட்டும் கேட்கப்பட்ட தேவதாசியரின் பாட்டு, தட்டு வடிவில் குடும்பத்தின் நடுவே ஒலித்தது. பாடியவர் விருந்தினராக வந்தால் வரவேற்கத் தயங்கிய இல்லங்களும் தட்டை மடியில் வைத்துத் துடைத்துப் பேணின. கடலுக்கு அப்பாலோ நிலை வேறு. கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டால் ஈர்க்கப்பட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் டெலாஜ், அவர் பாடியதைத் தழுவி 'ராகமாலிகா' என்னும் படைப்பையே ஆக்கினார். அவருக்குத் தாயி எந்தக் குலத்தவர் என்பது ஒரு வினாவாகவே எழவில்லை.

இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுவது பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்க்கை. தஞ்சை மராட்டியர் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவரின் 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை அவர் 1910இல் பதிப்பித்தார். முத்துப்பழனியின் பிறப்பையும் நூலின் சிருங்காரத்தையும் ஒருசேரப் பழித்தவர்களுள் சீர்திருத்தச் செம்மலான கந்துகூரி வீரேசலிங்கமும் ஒருவர். அரசு நூலைத் தடை செய்தது. அத்தடை 1947இல்தான் நீங்கியது. ஆடவர் பாடிய சிருங்காரத்தைப் பொறுத்த உலகம் பெண் பாடியபோது ஏன் பொறுக்கவில்லை என்பதே நாகரத்தினம்மாள் எழுப்பிய வினா.

திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக்குத் தம் பொருளைக் கொண்டு கோயில் எழுப்பி, 1925இல் குடமுழுக்கு நடத்தியவரும் அவரே. ஆனால் அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவர் தளராமல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டையொட்டிப் பிரிவினர் ஒன்றிணைந்த பின்னரே அந்நிலை மாறியது. அவருடைய தட்டு எவர் வீட்டிலும் தடையின்றிச் சுழல முடிந்தது. தாம் கட்டிய கோயிலின் முன் அமர்ந்து பாட அவர் போராட வேண்டியிருந்தது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சி 1947இல் சட்டமானது பெண்களின் மீட்சிக்கு இன்றியமையாதது. எனினும் முறையோடு சேர்த்து அம்மரபுக் கலைஞர்களையும் மேடையிலிருந்து ஒதுக்கியவர்கள், அவர்தம் பாட்டை ஒதுக்கவில்லை என்பதையும் வரலாறு மறக்கலாகாது.

வானொலியும் ஒழுக்க அளவுகோலும்

1924இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தோன்றியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன. தட்டைத் தெரிந்தெடுத்தவர் சுவைஞர். வானொலியில் தெரிந்தெடுத்தது அரசு. 1946இல் இடைக்கால அரசில் தகவல், ஒலிபரப்புத் துறையைக் கவனித்த வல்லபாய் பட்டேல், தனிவாழ்க்கையால் பொதுப்பழிக்கு ஆளானவர்களுக்கு ஒலிபரப்பில் இடமில்லை என ஆணையிட்டார் என வானொலி வரலாறு குறிப்பிடுகிறது. ஒலிவாங்கி குரலை மட்டுமே கேட்கும். அதன் முன் யார் அமரலாம் என்பதை ஒழுக்க அளவுகோல் முடிவு செய்தது.

1952இல் துறையமைச்சரான பி. வி. கேஸ்கர் செவ்வியல் இசையை வளர்க்கும் நோக்கில் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து விலக்கியபோது, சுவைஞர் எதிர்ப்பு முழக்கம் எதையும் எழுப்பத் தேவையிருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்கு மாறினர். 1957இல் விவித் பாரதி தொடங்கித் திரையிசைக்கு மீண்டும் இடமளித்தது. அச்சில் வெளிவந்த விவாதங்களைவிட ஒரு குமிழின் திருப்பம் வலிய கருத்தாக விளங்கியது.

பாகவதர் வழக்கு

சுவைஞர் உள்ளத்தின் பெருஞ்சோதனை எம். கே. தியாகராஜ பாகவதரின் வழக்கில் நேர்ந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' மக்களைக் கவர்ந்துகொண்டிருந்த வேளையில், அவ்வாண்டு நவம்பரில் 'இந்து நேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்துண்டு இறந்தார். திரைக் கலைஞரின் அந்தரங்கத்தை எழுதியே வளர்ந்த இதழ் அது. டிசம்பரில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பியனுப்ப, 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

அவர்கள் சிறையிலிருந்த காலத்திலும் சென்னைப் பிராட்வே திரையரங்கில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என அது புகழ்பெற்றது. பாடியவர் சிறைக்கம்பிக்குப் பின்னால். பாட்டோ அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன்னால். அந்தரங்கச் செய்தி தாங்கிய இதழை விலைகொடுத்து வாங்கியவர்களும், பாகவதரின் பாட்டை விலைகொடுத்துக் கேட்டவர்களும் முற்றிலும் வேறு வேறு மக்களல்லர். பழியையும் இசையையும் ஒரே சுவைஞர் கூட்டம் பெருமளவில் சுவைத்தது என்ற உண்மை கசப்பானது, ஆயினும் ஏற்கத்தக்கது.

விடுதலைக்குப்பின் 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952) முதலிய படங்கள் பாகவதருக்குப் பழைய வெற்றியைத் தரவில்லை. சிறை சென்றவரைச் சுவைஞர் கைவிட்டனர் என இதற்கு விளக்கம் கூறுவது எளிது. ஆனால் அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அவரோடு விடுதலையான கலைவாணர், 'நல்ல தம்பி' (1949), 'மணமகள்' (1951) ஆகிய படங்களால் மக்கள் அன்பை மீண்டும் பெற்றார். ஆகவே பழி மட்டுமே காரணமாதல் இயலாது. 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) ஆகியவற்றின் வழியே வசனம் திரையில் ஆட்சிக்கு வந்தது. பின்னணிப் பாடல் முறையும் வேரூன்றியது. நடிப்பவரே பாடவேண்டும் என்ற தேவை மறைந்தது. குரலை ஆளிடமிருந்து பிரித்த பொறி, பாடி நடிக்கும் கலைஞரின் இடத்தையே இறுதியில் பறித்துக்கொண்டது. 1959இல் பாகவதர் மறைந்தார். அவர் தட்டுகள் மறையவில்லை.

நிறைவாக

இசைத்தட்டு, சுவைஞருக்கு இரு வாய்ப்புகளை ஒருங்கே வழங்கியது. பிறப்பாலும் பழியாலும் விலக்கப்பட்டவரின் கலையைத் தடையின்றிக் கேட்கும் வாய்ப்பு ஒன்று. அக்கலையைப் பெற்றுக்கொண்டே அவரைப் புறக்கணிக்கும் வாய்ப்பு மற்றொன்று. முதலாவது பொறியின் கொடை. இரண்டாவது கேட்டவர் தாமே தேடிக்கொண்ட வசதி.

தட்டு ஒலிநாடாவாகி, குறுவட்டாகி, இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. பாடியவரின் பெயரை அறியாமலே பாட்டைக் கேட்டுக் கடந்துவிட இப்போது இன்னும் எளிது. குற்றம் உண்டெனில் அதனை நீதிமன்றம் அளக்கட்டும். பொறுக்கவியலாத தீமை செய்தவரின் பாட்டைக் கேளாதிருக்கவும் சுவைஞருக்கு உரிமை உண்டு. ஆனால் குற்றமே இல்லாத இடத்தில், பிறப்பையும் வதந்தியையும் காட்டிக் கலைஞரை வாயிற்படியில் நிறுத்திவிட்டு அவர் குரலை மட்டும் உள்ளே அழைப்பது சுவையுணர்வு ஆகாது. கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரையும் சொன்னார். பாட்டு முடிந்தவுடன் ஊசியை எடுத்துவிடாமல் அப்பெயரையும் கேட்பதே நல்ல சுவைஞரின் கடமையாகும்.